பதினாறாம் சேனல்

பெரியநாயக்கன்பாளையத்தில் மோட்டார் பம்பு கம்பெனி நடத்தும் பொங்கியண்ணனும் அவர் தம்பி மோகன்குமாரும் பாகம் பிரித்து மூன்று வருடமாகிறது. பிரித்ததில் ஒரு குறையும் வைக்கவில்லை. நடுவில் சுவர், இரண்டு கேட், இரண்டு வாட்ச்மேன், ஒரே பிள்ளையாருக்கு இரண்டு பூசாரி. பிரிக்க முடியாமல் கிடந்தது டெலிபோன் நம்பர் ஒன்றுதான். அவர்கள் விற்ற மோட்டார் ஒவ்வொன்றின் மேலும் அந்த நம்பர் அடித்திருந்தது. விட்டுக்கொடுத்தவன் வியாபாரத்தையே விட்டுக்கொடுத்த மாதிரி.

அந்த நம்பரின் டிஜிட்டல் லைனில் ஒரே நேரத்தில் முப்பது பேர் பேசலாம், ஒருவருக்கு ஒரு சேனல். அதை வாய்ஸ் கேட்வே என்ற பெட்டியில் செருகி, ஆளுக்குப் பதினைந்தாகப் பிரித்துக் கொடுக்கப் போன் கம்பெனியின் பீளமேட்டு ஆபீஸிலிருந்து அனுப்பப்பட்டவள் நிலோஃபராகிய நான். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம். வெள்ளிக்கிழமைக்குள் அண்ணன் தம்பி இருவரும் வேலை முடிந்த தாளில் கையெழுத்துப் போட்டால் நான் நிரந்தரம், இல்லாவிட்டால் வீடு என்று மேனேஜர் ரித்விக் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். இப்படிச் சிரிப்பதற்குத்தான் மேனேஜர்களுக்குச் சம்பளம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சுவருக்கு இரு பக்கமும் அருமையாகப் போன் மணி அடித்தது. லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினேன். சேனல் ஒன்றிலிருந்து பதினைந்து வரை அண்ணனுக்கு. பதினேழிலிருந்து முப்பத்தொன்று வரை தம்பிக்கு. பெரியவர் விரல் வைத்து எண்ணினார். பரம்பரையாக வரப்பு அளந்த கண்.

“ஏனுங்க அம்மணி, பதினாறக் காணோமுங்களே?”

புத்தியுள்ள எஞ்சினியர் வாயை மூடிக்கொண்டிருப்பாள். நான் விளக்கினேன். பதினாறில் யாரும் பேச முடியாது, எந்த அழைப்பு எந்தச் சேனலுக்குப் போக வேண்டும் என்று சொல்வது அதுதான், இரண்டு பக்கத்தையும் அதுதான் நடத்துகிறது என்றேன். அதோடு கெட்டது.

அப்படியானால் அது மூத்தவனுக்குத்தான் என்றார் அண்ணன். தன் பங்கை ஒட்டி இருக்கிறது என்றார் தம்பி. பதினைந்தையும் ஒட்டித்தானே இருக்கிறது என்றார் அண்ணன். ஆளுக்கொரு வக்கீலை செல்லில் கூப்பிட்டார்கள். மூன்று வருடத்தில் இவர்கள் முகம் பார்த்து இவ்வளவு பேசியது இன்றைக்குத்தான் என்று போன் எடுக்கும் வள்ளியாத்தாள் என் காதில் சொன்னார்.

ஐந்து மணிக்குச் சமாதானம் ஆனது.

“அவனுக்கும் வேண்டாமுங்க, எனக்கும் வேண்டாமுங்க. அதை மூடிப்போடுங்க” என்றார் அண்ணன்.

மூடினால் முப்பதும் செத்துவிடும், ஒரு போனும் வராது என்று மூன்று தடவை சொன்னேன்.

“அண்ணன் சொல்றது நாயந்தானுங்க” என்றார் தம்பி. “நம்மளுக்குத்தான் செல்லு இருக்குதுங்களே.”

எங்கேயோ காய்கிற வாழைத்தோட்டத்தில், நின்றுபோன மோட்டார் பக்கத்தில் குனிந்து, அந்த நம்பரைப் பார்த்துப் போன் போடப் போகிறவரை நினைத்தேன். பிறகு என் வேலையை நினைத்தேன். மூடினேன். பெட்டியில் பச்சை விளக்கு சிவப்பானது. அண்ணன் முகம் மலர்ந்து கையெழுத்துப் போட்டு, பேனாவைத் தம்பியிடம் தானே நீட்டினார்.

தாளில் இன்னும் ஓர் இடம் காலியாக இருந்தது. லைன் சரியாக வேலை செய்கிறது, நானே சோதித்துப் பார்த்தேன் என்ற வரிக்குக் கீழே. நிறுத்தி, நிதானமாக, என் பெயரை எழுதினேன்.