தேங்காய் பட்ட கண்ணாடி

பாலேஸ்வரியின் கார் வீதியில் ஒழுங்காக ஓடத் தொடங்குவதற்கு முன்பே அதன் முன்கண்ணாடி வெடித்துவிட்டது. லொறி மோதவில்லை, பஸ் உரசவில்லை. அவளுடைய கணவர் ஸ்ரீஸ்கந்தராசாவின் கையிலிருந்து புறப்பட்ட ஒரு முற்றிய தேங்காய்தான் அந்த வேலையைப் பார்த்தது.

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு அவள் கார் ஓடப் பழகி, லைசன்சும் எடுத்து, வந்த காசில் பாதியைக் கொடுத்துப் பழைய ஜப்பான் கார் ஒன்றை வாங்கியிருந்தாள். ஸ்ரீஸ்கந்தராசாவுக்கு இதில் துளியும் சம்மதமில்லை. வெள்ளவத்தையில் வாசலை விட்டு இறங்கினால் ஆட்டோ, காலி வீதிக்குப் போனால் பஸ், கடற்கரைப் பக்கம் போனால் ரயில். இதற்குள் கார் எதற்கு?

"எங்க போகப்போறீர்?" என்று கேட்டார்.

"எங்கயும் போவன்."

"எங்கயுமெண்டா?"

"எங்கயுமெண்டா எங்கயும்தான். வத்தளைக்கு, என்னோட வங்கியில வேலை செய்த புளோறன்ஸ் வீட்ட போவன். நீர்கொழும்புக் கடலைப் பாத்திட்டு இருட்டினாப்பிறகு வருவன். ஒருத்தரையும் கேக்காமல் போவன்."

அந்தக் கடைசி வசனம் அவருக்குச் சுள்ளென்று பட்டது. ஐந்து மாதம் வாக்குவாதப்பட்டு, கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார். காருக்கு முதல் காயம் படுகிற அன்றே அதை விற்றுவிட வேண்டும். பாலேஸ்வரி ஓம் என்றாள். தன் கையில் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. அவருடைய கையைப் பற்றி யோசிக்க வேண்டுமென்று அவளுக்குத் தோன்றவில்லை.

கோயில் வாசலில் பூசை நன்றாகத்தான் நடந்தது. ஐயர் பொனற்றில் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தார், நாலு சில்லுக்கும் அடியில் தேசிக்காய் வைத்தார், "வீட்டுக்காரர் ஆராவது தேங்காயை உடையுங்கோ" என்று சொல்லிவிட்டு ஒதுங்கினார். ஸ்ரீஸ்கந்தராசா வேட்டியை மடித்துக் கட்டினார். ஐந்து மாதக் கோபம் முழுவதும் அந்தத் தோளில் வந்து நின்றது. ஓங்கி அடித்தார். தேங்காயின் ஒரு பாதி வாய்க்காலுக்குள் போனது. மற்றப் பாதி கல்லில் மோதி எகிறிக் கண்ணாடியின் இடப்பக்க மூலையில் டொக்கென்று விழுந்தது.

ஐந்து ரூபாய் நாணயக்குற்றி அளவில் ஒரு வெடிப்பு. பூ விற்கிற பெண் ஓடி வந்து பார்த்து, "கண்ணூறு கழிஞ்சுது அம்மா, நல்லதுக்குத்தான்" என்றாள்.

"நல்லதுக்கோ? காயம் பட்டாச்சு. பேசினது பேசினதுதான்," என்றார் ஸ்ரீஸ்கந்தராசா.

"உடைச்சது நீங்கள்!"

"தேங்காய் பட்டது," என்றார் அவர். தேங்காய் தானாக மரத்திலிருந்து இறங்கி, நடந்து வந்து கண்ணாடியில் ஏறியதுபோல இருந்தது அவருடைய முகம்.

மறுநாள் மத்தியானம், வெயிலில் நின்ற காருக்குள் ஏறிப் பாலேஸ்வரி ஏசியைப் போட்டாள். டிக் என்று ஒரு சத்தம். குற்றி அளவில் இருந்தது பாதிக் கண்ணாடிக்குக் கோடாக ஓடிவிட்டது. கீழ்வீட்டு ரெனால்ட், பழைய கார்களோடு மாரடிக்கிற மனிதர், பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"நேற்றே சொல்லியிருக்கலாமே அக்கா. சின்ன வெடிப்பெண்டா பசை விட்டு அடைப்பாங்கள். அஞ்சாறாயிரத்தோட முடிஞ்சிருக்கும். இனி முழுக் கண்ணாடியும் மாத்தத்தான் வேணும்."

அன்று பின்னேரம் முழுவதும் பாலேஸ்வரி தொலைபேசியோடு இருந்தாள். ஒவ்வொரு வாய்க்கும் ஒவ்வொரு விலை. கம்பனிக் கண்ணாடி ஒன்றரை லட்சம் என்றான் ஒருவன். பஞ்சிகாவத்தையில் வேறு காரிலிருந்து கழற்றியது நாற்பதாயிரம், கீறல் இருந்தால் கேட்கக் கூடாது என்றான் இன்னொருவன். சீனாக் கண்ணாடி புதிது, பூட்டுக்கூலியோடு ஐம்பதாயிரம் என்றான் மூன்றாமவன். நாலாமவன், "கண்ணாடியில கமரா இருக்கோ? மழை பெய்தாத் தானா வைப்பர் போடுமோ? அப்பிடியெண்டா ரெண்டு லட்சத்துக்கு மேல போகும்" என்றான். ஒன்றும் இல்லை என்று சொன்னபோது தன் கார் ஏழையாகப் பிறந்ததற்காக அவள் முதன்முறையாகச் சந்தோசப்பட்டாள்.

காப்புறுதிக்காரப் பெடியனுக்கு விசயம் விளங்கவே கொஞ்ச நேரம் எடுத்தது.

"என்ன அடிச்சது, மிஸ்? கல்லா?"

"தேங்காய்."

"பொல் கெடியக்த?" தேங்காயா என்று கேட்கப் பெடியன் சிங்களத்துக்கே போய்விட்டான். தென்னை மரத்துக்குக் கீழே நிறுத்தினீர்களா என்று கேட்டான். கோயிலில் உடைத்தது என்று அவள் விளக்க, அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, படம் அனுப்பச் சொன்னான். கண்ணாடிக்கு ஐம்பதாயிரம் வரைக்கும் கொடுப்போம், மிச்சம் உங்களுடையது என்றான்.

ஸ்ரீஸ்கந்தராசா இதைக் கேட்டு உசாரானார். "பிறகென்ன? அம்பதுக்குள்ள ஒண்டைப் பூட்டி வித்துப்போடுவம். உமக்கும் நட்டமில்லை."

பாலேஸ்வரி கார்ச் சாவியைக் கைக்குள் பொத்திக்கொண்டாள். இத்தனை வயதில் தனக்கென்று ஆசைப்பட்டு வாங்கிய ஒரே ஒரு பொருள். அதில் ஏறி ஒருநாள்கூடக் கடலைப் பார்க்கவில்லை. ஆனால் வாக்குக் கொடுத்திருக்கிறாள். வங்கிக்காரி வாக்கு மாறமாட்டாள். அவருக்கும் அது நன்றாகத் தெரியும்.

கொட்டாஞ்சேனையில் பர்ஸானா என்ற பெண் நடத்துகிற கண்ணாடிக் கடையை ரெனால்ட்தான் சொன்னார். வெடிப்பு ஓட்டுகிறவருக்கு முன்னால் இல்லாததால் மெல்லப் போகலாமென்றும் சொன்னார். ஆகவே, விற்பதற்கான அலங்காரத்துக்குத்தான் அந்தக் கார் முதன்முதலாகக் காலி வீதியில் இறங்கியது. இடப்பக்க ஆசனத்தில், வெடிப்புக்கு நேர் பின்னால், ஸ்ரீஸ்கந்தராசா பட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு இருந்தார்.

"பஸ் வருது!"

"தெரியுது."

"பிரேக்கைப் பிடியும்!"

"உங்கட காலடியில பிரேக் இல்லை. சும்மா மிதியாதேங்கோ."

பம்பலப்பிட்டியில் ஒரு ஆட்டோ குறுக்கே வெட்டியது. பாலேஸ்வரி அலட்டிக்கொள்ளாமல் நின்று, விட்டு, எடுத்தாள். புறக்கோட்டை நெரிசலில் கை வண்டிகளுக்கும் லொறிகளுக்கும் நடுவே ஊர்ந்து போனாள். ஓரக்கண்ணால் கணவரைப் பார்த்தாள். அவர் வீதியைப் பார்க்கவில்லை, அவளுடைய கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தொலைபேசியிலேயே காப்புறுதி விபரம் கேட்டு வைத்திருந்த பர்ஸானா, கணக்குப் பார்த்துக்கொண்டே வரவேற்றாள். "வாங்க, இரிங்க. விக்கப் போற காரா, ஓடப் போற காரா?"

"அதென்ன கேள்வி?" என்றார் ஸ்ரீஸ்கந்தராசா.

"அத சொன்னாத்தானே எந்தக் கண்ணாடின்னு சொல்ல ஏலும். விக்கிறதுன்னா சீனாவப் போடுங்க, இன்சூரன்ஸ் சல்லியோட முடிஞ்சிரும். பகல்ல வித்தியாசம் ஒண்டும் விளங்காது. ஓடுறதுன்னா ஒரிஜினல். ஒரு லட்சத்து முப்பத்தஞ்சு, நான் முப்பதுக்குத் தாரன். ஒங்கட கையால எம்பதாயிரம் போட வேண்டி வரும்."

"பகலில விளங்காதெண்டா, இரவில?" என்று கேட்டார் ஸ்ரீஸ்கந்தராசா.

பர்ஸானா எழுந்து, சுவரில் சாய்த்திருந்த ஒரு சீனாக் கண்ணாடியைத் தூக்கி நிறுத்தினாள். கடையின் இருண்ட பின்பக்கத்தில் எரிந்த குண்டு பல்ப்பை அதற்குள்ளால் பார்க்கச் சொன்னாள். அவர் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், போட்டுப் பார்த்தார். பல்ப் ஒன்றுக்கு ஒன்றரையாகத் தெரிந்தது.

"எதிர்ல வாற லைட்டும் இப்புடித்தான் வரும். எல்லாச் சீனாவும் இப்புடியில்ல, விலைக்கேத்த மாதிரி," என்றாள் பர்ஸானா.

வாயைத் திறந்தால் கெஞ்சிவிடுவோமோ என்று பாலேஸ்வரிக்குப் பயமாக இருந்தது. வாசலுக்குப் போய்ப் பொனற்றில் காய்ந்திருந்த குங்குமத்தை விரலால் துடைத்தாள்.

"நல்லதையே பூட்டுங்கோ," என்று உள்ளே அவருடைய குரல் கேட்டது.

அவள் திரும்பி வந்தாள். "விக்கிற காருக்கு ஏன் நல்லது?"

"ஆர் விக்கிறது?"

"நீங்கள்தானே பேசினது பேசினதெண்டு…"

"நீர் நீர்கொழும்புக்குப் போவீர். இருட்டினாப்பிறகுதான் திரும்பி வருவீர்," என்றார் அவர். சத்தம் வழக்கத்தைவிடச் சின்னதாக இருந்தது. "நான் பல்கனியில நிண்டு, வாற லைட் ஒவ்வொண்டையும் உம்மடயோ உம்மடயோ எண்டு பாத்துக்கொண்டு நிப்பன். எனக்கு அது ஏலாது, பாலேஸ். அதுக்குத்தான் கார் வேண்டாமெண்டனான்."

ஐந்து மாதம் சண்டை பிடித்தாயிற்று. காசைச் சொன்னார், ஆட்டோவைச் சொன்னார், ஊர்ச் சனத்தைச் சொன்னார். இதை மட்டும் சொல்லவில்லை. பாலேஸ்வரிக்குக் கோபம் வந்தது, கண்ணும் கலங்கியது, எது முந்தி வந்ததென்று அவளுக்கே தெரியவில்லை.

"வெளிக்கிடேக்க போனில கோல் எடுப்பன். அங்க போனாப்பிறகும் எடுப்பன்," என்றாள்.

"திரும்பேக்கயும்."

"ஓம், திரும்பேக்கயும்."

பர்ஸானா தொண்டையைச் செருமினாள். "அப்ப ஒரிஜினல்தானே? அட்வான்ஸ் கொஞ்சம் தந்தீங்கன்னா வேலையத் தொடங்குவம்."

பாலேஸ்வரி கைப்பையைத் திறந்தாள். ஸ்ரீஸ்கந்தராசா அதைப் பிடித்து மூடிவிட்டுத் தன் பேர்ஸை எடுத்தார்.

"விடும்," என்றார். "உடைச்சது நான்."