பன்னிரண்டு கட்டிச் சீர்

இந்தியப் பெண்கள் ஐஸ் ஹாக்கி அணியின் பயிற்சி முகாமுக்குச் சுஜிதா தேர்வான செய்தி போடி ஊர் முழுக்கப் பரவிவிட்டது. அவள் ஐஸில் ஒரு தடவைகூட நின்றதில்லை என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். சிமெண்டுத் தரையில் சக்கரக் காலணி மாட்டிக்கொண்டு ஆடுகிற ஹாக்கியில் அவள் கோல்கீப்பர். சென்னையில் தேர்வு நடந்ததும் சிமெண்டுத் தரையில்தான். விண்ணப்பத்தில் ‘ஐஸில் அனுபவம்’ என்ற கட்டத்தில் ‘இரண்டு வருடம்’ என்று எழுதிவிட்டாள். ஒரு வருடம் என்று எழுதியிருந்தால் பொய் பாதியாகியிருக்குமா என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறாள்.

வியாழக்கிழமை லடாக் கிளம்ப வேண்டும். போனதும் தெரிந்துவிடும், திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஞாயிறு காலை தெருவில் மேளச் சத்தம் கேட்டது. மேளத்துக்குப் பின்னால் தாய்மாமன் ஈஸ்வரனின் ஜீப்பு. குரங்கணிக்குச் சவாரி அடிக்கிற அந்த ஜீப்பில் சீர்த்தட்டுகள் இல்லை. மீன் மார்க்கெட் ஐஸ் ஃபேக்டரியிலிருந்து ஏற்றிய பன்னிரண்டு ஐஸ் கட்டிகள், உமி போர்த்திப் படுத்திருந்தன.

“சடங்குக்குச் சீர் செஞ்சவன், இந்தியாவுக்கு வெளையாடப் போறவளுக்குச் செய்ய வேணாமா? ஒருக்கா நின்னு காட்டு ஆத்தா. வெரசா வா, உருகுது!”

சுஜிதாவின் அம்மா மகாராணி ஏலக்காய் தரம் பிரிக்கிற கொட்டகையின் முற்றத்தில் கட்டிகளை ஒட்டி ஒட்டி அடுக்கினார்கள். மகாராணி மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“மீன் வாடை அடிக்குதுடா ஈஸ்வரா.”

“லடாக்கு ஐஸு மட்டும் மல்லியப்பூ மாதிரி மணக்குமாக்கும்?”

தப்பிக்க வழியில்லை. முகாமிலிருந்து வந்திருந்த, அடியில் கத்தி வைத்த பழைய பூட்ஸையும் கோல்கீப்பரின் தடித்த கால் காப்புகளையும் மாட்டிக்கொண்டு வந்தாள். அம்மாவுக்குப் பக்கத்து இருக்கையில் ஏலக்காய் பிரிக்கும் மொக்கம்மாள், “மெத்தைக் கடையவே கால்ல கட்டிட்டு வர்றாளே!” என்றாள்.

சுஜிதா கண்ணை மூடிக்கொண்டு ஏறினாள். விழவில்லை. கண்ணைத் திறந்தாள். அப்போதும் நின்றுகொண்டிருந்தாள். முற்றமே கைதட்டியது. எழுதிய பொய் தானாகவே வந்து உண்மையாகிவிட்டதைப் போல அவளுக்கு நெஞ்சு நிறைந்தது.

குனிந்து பார்த்தாள். ஐஸோடு உறைந்து ஒட்டியிருந்த உமி, கத்தியை அசையவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தது.

வேறு யாரும் கவனிக்கவில்லை. பேசாமல் இறங்கிவிட்டால் போதும், வியாழன்வரை அவள் வீராங்கனைதான். அந்த நான்கு நாட்களை மனதுக்குள் ஒருமுறை வாழ்ந்து பார்த்தாள். ஒரு நாளைக்கூட முழுதாக ஓட்ட முடியவில்லை.

“மாமா, தண்ணி ஊத்தி உமியக் கழுவி விடுங்க.”

“நல்லாத்தானே நிக்கிற?”

“கழுவுங்க மாமா.”

இறங்கி நின்றாள். ஈஸ்வரன் இரண்டு குடம் ஊற்றிக் கழுவிவிட்டார். ஐஸ் கண்ணாடியாய்ப் பளபளத்தது. சுஜிதா ஒரு காலைத்தான் வைத்தாள். மறுநொடி கால் காப்புகள் இரண்டும் வானத்தைப் பார்த்தன. இதுதான் முக்கியமான கட்டம் போலிருக்கிறது என்று நினைத்த மேளக்காரர்கள் கெட்டிமேளம் கொட்டிவிட்டார்கள்.

மேளம் அடங்கும்வரை அப்படியே மல்லாந்து கிடந்தாள். முதுகில் குளிர் ஏறியது. இனி மறைக்க எதுவும் மிச்சமில்லை.

“மாமா, நான் ஐஸுல நின்னதே இல்ல. ரெண்டு வருசம்னு பொய் எழுதிட்டேன். அம்மா, அந்தப் போனைக் கொண்டா.”

முகாமின் பயிற்சியாளரை அழைத்து, படுத்தபடியே எல்லாவற்றையும் சொன்னாள். மறுமுனையில் பெருமூச்சு கேட்டது.

“வர்ற இருபத்திரண்டு பேர்ல பதினாலு பேர் ரெண்டு வருஷம்னுதாம்மா எழுதியிருக்கீங்க. ஒருத்தி மட்டும் ஒன்றரைன்னு எழுதியிருக்கா. அவளைத்தான் நான் நம்பவே இல்ல. நீ விழுந்து பாத்திருக்கியா?”

“இப்பத்தான் மேடம். இன்னும் எந்திரிக்கல.”

“அப்ப மத்தவங்களவிட நீ ஒரு நாள் முன்னாடி இருக்க. வியாழன் வரைக்கும் விழுந்துட்டே இரு.”

சுஜிதா போனை அம்மாவிடம் நீட்டினாள். ஈஸ்வரன் உருகிக்கொண்டிருந்த கட்டிகளைப் பார்த்தார், மேளக்காரர்களைப் பார்த்தார்.

“எந்திரி ஆத்தா. கட்டி கரையுறதுக்குள்ள இன்னும் பத்துத் தடவையாச்சும் விழுந்துரலாம். ஏப்பா, நீங்க கொட்டுங்க!”