அண்ணன் காலுக்கு வந்த வலி

தையல்காரியின் வலது காலில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டபோது, வலி அவளுடைய அண்ணனின் காலுக்கு வந்தது. யாரோ கெண்டைக்காலைப் பிழிவதுபோல் இருக்க, அவன் மருந்துக்கடை வாசலிலேயே நின்றுவிட்டான். ஆஸ்பத்திரியில் சோதித்துப் பார்த்ததில் அவன் குழாய்களில் ஒரு குறையும் இல்லை. துணைக்கு வந்த தங்கையின் கால்தான் சில்லிட்டுக் கிடந்தது. சுண்டுவிரலில் ஒரு புண் ஆறாமல் கறுத்திருந்தது. அவளுக்கு வலியே இல்லை.

வலி ஆள் மாறியதைப் பற்றி டாக்டர் அலட்டிக்கொள்ளவில்லை. "கால் மட்டும் இல்லம்மா, இதயத்துக்கும் மூளைக்கும் போற குழாயும் அடைக்கலாம். மாத்திரைய விடாதீங்க. வலிக்கிற வரைக்கும் நடங்க, நில்லுங்க, மறுபடி நடங்க. ஒழுங்கா இருந்தா ரொம்ப வருஷம் நல்லா இருக்கலாம். வீட்ல யாராவது சிகரெட் பிடிப்பாங்களா?"

"யாரும் இல்லைங்க" என்றாள் தங்கை.

சட்டைப் பையில் சிகரெட் பெட்டியோடு நின்ற அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். ஒற்றை ஜன்னல் வைத்த அறையில் அவள் மெஷின் மிதிக்க, எதிரே அவன் துணி வெட்டியபடி ஊதித் தள்ள, அப்படியே இருவருக்கும் தலை நரைத்திருந்தது. தைத்த துணியில் புகை நாறுகிறது என்று வாடிக்கைக்காரர்கள் சண்டை பிடித்ததுண்டு. அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அன்றே சிகரெட்டை விட்டான். வலி விடவில்லை. அவள் நடக்க வேண்டும், வலியோ அவனிடம் இருந்தது. அதனால் தினமும் இருவரும் சேர்ந்தே நடந்தார்கள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றால் அவளும் நிற்பாள். தெருவுக்கும் அது பழகிவிட்டது. புண் மெல்ல ஆறியது. வருஷங்கள் போகப் போக, அவன் நிற்கும் இடம் மருந்துக்கடையிலிருந்து பள்ளிக்கூடத்துக்கும், அங்கிருந்து பாலத்துக்கும் தள்ளிப்போனது. வலி குறைந்த நாளெல்லாம் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. செய்த பாவம் இத்தனை சுலபமாக விட்டுவிடுமா என்றிருந்தது.

ஒருநாள் பாலத்தையும் தாண்டினார்கள். வலி வரவில்லை. அவன் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து அழுதான்.

"என்னண்ணா, ரொம்ப வலிக்குதா?"

"வலிக்கவே இல்லடி. நான் ஊதி ஊதித்தான் உன் கால..."

"தெரியும். கண்ணு எரிஞ்சது எனக்குத்தானே" என்றாள். "வலிக்கலேன்னா எந்திரி. சந்தை வரைக்கும் போலாம்."

எழுந்தான். சந்தை வாசலில் அவன் கெண்டைக்கால் லேசாகப் பிடித்தது. சொன்னான். அவள் நின்றாள்.