துணைக்கு வருபவர் யார்?

தாய்மாமன் தன்னிடம் தகாதபடி நடந்ததைச் சாட்சி சொல்ல, பதினைந்து வயதுப் பெண் நீதிமன்றத்துக்குத் தனியாக வந்திருந்தாள். வராந்தா பெஞ்சில் மாமனுக்குத் துணையாகக் குடும்பமே உட்கார்ந்திருந்தது. இடம் போதாமல் சித்தப்பா பாதி உடம்பை அந்தரத்தில் வைத்திருந்தார்.

"துணைக்கு யாருன்னு எழுதலையே கண்ணு? காலியா விட்டா உள்ள அனுப்ப மாட்டாங்க," என்றாள் படிவம் வாங்கும் குமாஸ்தா.

"எழுத வேண்டிய ஆளுங்க எல்லாம் அந்த பெஞ்சுல இருக்காங்கக்கா."

பூகம்பத்துக்கே நாற்காலியை விட்டு எழாதவள் அந்தக் குமாஸ்தா. தன் பெயரை எழுதி, முத்திரை குத்தி, எழுந்தாள்.

"நான் பக்கத்துல உக்காரலாம், பேசக்கூடாது."

"போதும்க்கா. நான் பேசிக்கிறேன்."

பெஞ்சை ஒட்டித்தான் உள்ளே போக வேண்டியிருந்தது. அம்மா நிமிர்ந்து பார்க்காமல், வழிவிட்டுக் காலை மடக்கிக்கொண்டாள்.