ரஞ்சனித் தூள்

பச்சைத் தேயிலை கிலோ நாலு ரூபாய்க்கு இறங்கிய வருஷம், ஆனி மாதத்தில், நீலகிரியில் குந்தாப் பக்கத்துத் தேயிலை பாக்டரி ஒன்றில் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்கை இலை உலர்த்தும் டிரையரின் ஒரு வாயில் விட்டார்கள். அது மறுவாயில் டஸ்ட் தேயிலையாக வந்து விழுந்தது. டிஸ்க் அரைக் கிலோ இருந்தது, தூள் கால் கிலோதான். மீதி ஈரம் என்றார் டீ மேக்கர் சில்வஸ்டர். இலையின் பக்குவம் பார்த்தே தலை நரைத்தவர் சொன்னால் சரிதான் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

டிஸ்க்கைக் காப்பாற்றச் சொன்னவள் சின்னம்மை. சிலோனில் கொழுந்து பறித்து, அங்கிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்டு, இங்கேயும் கொழுந்து பறித்தவள். அவளுடைய ஒரே மகள் ரஞ்சனி பாக்டரியில் தூள் சலித்துக்கொண்டிருந்தாள். விலை விழுந்தது, வேலை வாரத்தில் மூன்று நாளாயிற்று, அப்புறம் அதுவும் இல்லை. கீழ்நாட்டு மில்லுக்குப் பெண்களை அள்ளிப்போக வேன் வந்தபோது ரஞ்சனியும் ஏறினாள். பொங்கலுக்கு மற்றவர்கள் வந்தார்கள், அவள் வரவில்லை. அவளை மட்டும் வழியில் வேறு வேனுக்கு மாற்றி ஏற்றினார்களாம். எந்த மில் என்று ஏஜெண்டைக் கேட்டால் நேற்று ஒரு பெயர், இன்று ஒரு பெயர். பிறகு அவனையே காணோம். போலீஸ் ஸ்டேஷனில் போட்டோ கேட்டார்கள்.

போட்டோவுக்கு எங்கே போவாள்? பள்ளிக்கூடத்தில் எடுத்த குரூப் போட்டோவில் முன்னால் நின்றவளின் ரிப்பன் ரஞ்சனியின் முகத்தை மறைத்திருந்தது. மிச்சமிருந்தது பாக்டரி கம்ப்யூட்டர்தான். நல்ல காலத்தில் எல்லோருக்கும் அடையாள அட்டை தருகிறேன் என்று முதலாளி படம் பிடித்து அதில் ஏற்றி வைத்திருந்தார். நல்ல காலம் முடிந்தது, அட்டை அச்சாகவேயில்லை. சின்னம்மை போய் நின்ற வாரம் டிஸ்க் டொக்கு டொக்கென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. ஆபீஸ் கிளார்க் கீர்த்திவாசன் அதை மடியில் வைத்துக்கொண்டு கோயமுத்தூர் போய்த் திரும்பினான்.

"ஒருக்கா ஓட்டுனா ஒருக்கா தேயுமாமுங்க. இனி கரண்டே குடுக்கக் கூடாதுன்னுட்டாங்க. மெட்ராஸ்ல பிரிச்சுப் பாக்கலாமாம். அந்தக் காசுக்கு இந்த பாக்டரியவே வாங்கிப்போடலாமுங்க" என்றான்.

"உள்ளுக்கு ஈரம் ஏறியிருக்கும்யா" என்றாள் சின்னம்மை.

அந்த ஒரு வார்த்தையில்தான் எல்லாம் நடந்தது. அந்த ஊரில் ஈரம் பட்டது எதுவானாலும், கம்பளியோ தீப்பெட்டியோ பிள்ளைத் துணியோ, டிரையர் வாயில் வைத்து எடுப்பது வழக்கம். கம்ப்யூட்டர் படித்தவன் எவனாவது இருந்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பான். கீர்த்திவாசன் படித்தவன்தான், ஆனால் மூன்று மழைக்காலம் அங்கே இருந்துவிட்டான், அவனுக்கும் அது நியாயமாகவே பட்டது. மூடிக்கிடந்த பாக்டரியில் விறகு போட்டு டிரையரைச் சூடேற்றினார்கள்.

வந்த தூளைச் சில்வஸ்டர் முறைப்படி சலித்தார். முதலாளியின் கணக்குவழக்கெல்லாம் நாராகவும் குப்பையாகவும் ஒதுங்கிப் பறந்தது, அதில் சில்வஸ்டருக்குத் துக்கம் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. முகங்கள் சன்னமான தூளில் தங்கின. சில்வஸ்டர் குவியலுக்கு ஒரு சிட்டிகை கொதிக்க வைத்துச் சுவைத்துக்கொண்டே வந்தார். ஒன்றில் செத்துப்போன வாட்ச்மேன் தெரிந்தார், ஒன்றில் அவரே தெரிந்தார். அடுத்ததில் நிறுத்தினார்.

"இதுதாங்கக்கா உங்க புள்ள. சாயம் கொஞ்சம் கம்மி."

சூடு தொண்டையில் இறங்கும்வரை முகம் நிற்கும், அவ்வளவுதான். ஊறுகாய் பாட்டிலில் கால் பாட்டில் தேறியது. ஊரில் அதற்கு ரஞ்சனித் தூள் என்றே பெயராயிற்று. சின்னம்மை அதில் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. பெற்றவளுக்கு ஆசை இருக்காதா? இருந்தது. ஆனால் தான் குடித்தால் கண்டுபிடிக்கிற ஒருவனுக்கு ஒரு டம்ளர் குறையும் என்று பாட்டிலை முந்தானையில் முடிந்துகொண்டு கீழே இறங்கினாள்.

இன்ஸ்பெக்டர் சொட்டு விடாமல் குடித்தார். "முகம் நல்லாவே தெரியுதும்மா. ஆனா இதை எப்படி பைல்ல வெக்கிறது? போட்டோவாக் கொண்டாங்க" என்றார். மலைப்பாதையில் பர்லியாரில் பஸ் நின்றபோது டிரைவர் குடித்தார். மேட்டுப்பாளையத்தில் வேன்காரர்கள் குடித்தார்கள். திருப்பூர்ப் பக்கம் மில் மில்லாக வாசலில் நின்று காவலாளிகளுக்குக் கொடுத்தாள். டீயில் முகம் தெரிகிறதே என்று யாரும் மிரளவில்லை. எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "ஏனுங்க, யாருங்க இந்தப் பொண்ணு?" அந்தக் கேள்வியைக் கேட்டதும் அவள் அடுத்த மில்லுக்கு நடப்பாள். யாரென்று கேட்கிறவனுக்கு மகளைத் தெரியாது.

அப்படிப் பாட்டிலை வழித்தெடுத்த கடைசித் தூள் ஒரு மில்லின் பெண்கள் விடுதியில், வார்டன் அம்சவேணிக்குப் போனது. சின்னம்மை தேடி வந்ததாகச் சொல்லவில்லை. மலைத் தேயிலை, ருசி பாருங்கம்மா என்று மட்டும் சொன்னாள். அம்சவேணி ஒரு வாய் குடித்தாள். டம்ளரைக் கீழே வைத்தாள். யாரென்று கேட்கவில்லை.

"தேத்தண்ணி ஆறுதுங்கம்மா" என்றாள் சின்னம்மை.

"எனக்குப் போதுமுங்க" என்றாள் அம்சவேணி. "நீங்க கெளம்புங்க."

சின்னம்மை அந்த மீதி டம்ளரை எடுத்தாள். இளஞ்சூடுதான் இருந்தது. மெதுவாக, ஒவ்வொரு மடக்காக, கண்ணில் நீர் வழிய மகளைப் பார்த்துக்கொண்டே குடித்து முடித்தாள். பிறகு வாசலுக்குப் போய், கேட்டுக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். போலீஸ் வந்து சொல்லியும் எழவில்லை, மழைக்கும் எழவில்லை. உள்ளே அம்சவேணி டீயை விட்டுக் காபிக்கு மாறினாள், காபியை விட்டுப் பச்சைத் தண்ணிக்கு மாறினாள். எல்லாவற்றிலும் ரஞ்சனி தெரிந்தாள். இப்போது கண்ணை மூடிக்கொண்டு குடிக்கப் பழகிவிட்டாள்.