துக்கம் சொல்லப் போன இடம்

கல்லறைத் தோட்டத்து வாசலில் கையைப் பற்றி ஆறுதல் சொன்னவர்களை ஒவ்வொருவராக அனுப்பிவிட்டு, ஒரேஸ்தே காரில் ஏறி உட்கார்ந்தார்.

"மியூசியத்துக்கு விடும்மா."

நிவெஸ் சாவியைத் திருகாமல் அப்பாவைப் பார்த்தாள். அம்மாவைப் புதைத்த மண் அவர் ஷூவில் இன்னும் ஈரமாக ஒட்டியிருந்தது.

"இப்பவா? வீட்ல சொந்தக்காரங்க எல்லாம் காத்திருக்காங்கப்பா."

"இருக்கட்டும். ஒரு எடத்துக்குத் துக்கம் சொல்லாம விட்டுப்போச்சு."

அவளுக்குப் புரிந்தது. நிலநடுக்கத்தில் அப்ரூட்சோ மலையில் இருந்த அவர்கள் ஊர்க் கோயில் விரிசல் விட்டதும், மரத்தில் செய்த மாதா சிலையை நகரத்து மியூசியத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். "எங்க மாதாவைப் பாக்க நான் டிக்கெட் எடுக்கணுமா?" என்று வீம்பு பிடித்த அம்மா எர்சீலியா கடைசிவரை போகவே இல்லை. அப்பா அதற்கும் மேல். கல்யாணத்தன்று தவிர கோயிலுக்குள் கால் வைத்தவரில்லை. ஞாயிறுதோறும் அம்மா பூசையில் இருப்பாள்; அவர் எதிர்க் காபிக்கடையில் சீட்டாடிக்கொண்டிருப்பார்.

மியூசியத்தில், தங்கம் பூசிய பலகைகளில் நின்ற புனிதர்களை ஏறிட்டும் பார்க்காமல் கடந்து, மாதாவின் முன் போய் நின்றார். தொப்பியைக் கழற்றினார்.

"என்னை உங்களுக்குத் தெரியாது. எர்சீலியாவோட புருஷன். செவ்வாக்கெழம போயிட்டா. தூக்கத்துலயே. கஷ்டப்படல." தொப்பியை மறு கைக்கு மாற்றினார். "அவ உங்களப் பாக்க வராம இருந்தது கோவத்துலதான். மனசுல வெச்சுக்காதீங்க."

நிவெஸ் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இங்க வாயேன். இவங்க சிரிக்கிறாங்களா, எனக்குத்தான் அப்படித் தெரியுதா?"

"சிரிக்கிறாங்கப்பா. எழுநூறு வருஷத்து மெழுகுவத்திப் புகை மூஞ்சிய மறைச்சிருந்துச்சு. இங்க வந்தப்புறம்தான் சுத்தம் பண்ணியிருக்காங்க. கோயில்ல யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

"அப்ப உங்கம்மாவுக்கும் தெரியாது."

"தெரியாது."

காவலுக்கு இருந்த பெண் ஒரு நாற்காலியை ஓசைப்படாமல் அவர் பின்னால் வைத்துவிட்டுப் போனாள். அவர் உட்காரவில்லை.

"இத்தன வருஷமா மூஞ்சி தெரியாமயே பேசிட்டிருந்திருக்கா." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "பிடிவாதக்காரி."

அடுத்த அறைக்கு அவராகவே நடந்தார். அங்கே இறுதி இராவுணவு ஓவியம். மேசை நிறைய ரொட்டி, மீன், செர்ரிப் பழம்.

"பன்னெண்டு பேர் உக்காந்திருக்கானுங்க, ஒருத்தன்கூட கை வெக்கல பாரு," என்றார். பிறகு, "பசிக்குதும்மா."

சதுக்கத்தில் நின்ற வண்டியில் பன்றி வறுவல் வைத்த ரொட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு, இருவரும் மியூசியப் படியில் வெயிலில் உட்கார்ந்தார்கள். அவர் அதை இரண்டாகப் பிய்த்து, மொறுமொறுப்பான தோல் இருந்த பாதியை அவளிடம் நீட்டினார்.