செங்கரட்டுக் கோடு

செங்கல்பட்டுக்குத் தெற்கே பாலாறு வளைகிற இடத்தில் செங்கரடு நிற்கிறது. அதை மலை என்று சொன்னால் மலைகள் சிரிக்கும். மேடு என்று சொன்னால் அதை ஒட்டிய தெருக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். ஆற்றுப் பக்கம் சுவர் மாதிரி செங்குத்து. அடியில் கரும்பாறை, அதன் மேல் ஓர் ஆள் உயரத்துக்குக் கூழாங்கல், அதற்கும் மேல் சிவப்பு மண். ஒரு காலத்தில் ஆறு அந்தக் கூழாங்கல் உயரத்தில் ஓடியதாம். இன்றைய பாலாற்றைப் பார்க்கிறவன் நம்புவானா? லாரிகள் சுரண்டிய பள்ளத்தில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. பெருமழைக்கு உச்சி மண் கரைந்தால் பழைய முதுமக்கள் தாழி ஒன்றின் விளிம்பு தெரியும். யாரும் தொட மாட்டார்கள்.

கரும்பாறையில் வரிசையாகக் கோடுகள் இருக்கும். வெள்ளம் ஏறி நிற்கிற சாயங்காலம், உச்சியிலிருந்து ஒருவனைக் கிணற்றுக் கயிற்றில் இறக்கி, தண்ணீர் தொடும் இடத்தில் உளியால் கோடு வெட்ட வைப்பது அந்தத் தெருவின் வழக்கம். அதில் எல்லாவற்றுக்கும் மேலே இருப்பது இத்ரீஸ் வெட்டியது. முப்பத்தெட்டு வருஷம் ஆகிறது. கயிறு பிடித்தவன் தர்மராஜ்.

வேன் ஓட்டி ஓய்ந்துபோன தர்மராஜ் அன்று காலை ஆற்றோரம் நடக்கப் போனவர், அப்படியே நின்றுவிட்டார். பாறையை ஒட்டிய திட்டில் இத்ரீஸின் மகள் ஷாஹிதா வீடு கட்டக் கடக்கால் போட்டிருந்தாள். கொத்தனார் தண்ணீர்க் குழாயால் மட்டம் எடுத்து, அந்தக் கோட்டுக்குச் சரியாக நூல் கட்டிக்கொண்டிருந்தார். வீட்டுத் தரை அந்த மட்டத்தில்தான் வரும் என்று தர்மராஜ் நினைத்தார்.

அந்தக் கோடு பொய். அது இத்ரீஸுக்குத் தெரியும், தர்மராஜுக்குத் தெரியும். இத்ரீஸ் மண்ணுக்குள் போய் ஆறு வருஷம் ஆகிவிட்டது. வெள்ளம் உச்சத்தில் நின்ற அந்தச் சாயங்காலம் தர்மராஜ் கயிற்றோடு வருவதாகச் சொல்லியிருந்தான். வரவில்லை. கூடுவாஞ்சேரியில் பேசி முடித்திருந்த சகுந்தலாவைப் பார்க்க ரயிலேறிவிட்டான். அவள் வீட்டில் சூடாகப் போட்ட பஜ்ஜி தீரும்வரை கிளம்ப மனம் வரவில்லை. அப்போது அவனுக்கு இருபத்து மூன்று வயது. மழை கூட அவனுக்காகப் பெய்வதாக ஒரு நினைப்பு. விடிந்து வந்து பார்த்தால் தண்ணீர் மூன்றடி வடிந்திருந்தது. உச்சியில் இத்ரீஸ் நனைந்த கோழியாக உட்கார்ந்திருந்தான். ஒரு வார்த்தை திட்டவில்லை. "பரவால்ல, எறக்குடா," என்றான். வடிந்து நின்ற தண்ணீருக்கே கோடு வெட்டினான். ஊரும் நம்பிவிட்டது.

அந்த நாட்களை நினைத்தால் இன்றும் தர்மராஜுக்கு நெஞ்சு இனிக்கும். அந்தக் கோடு மட்டும் தொண்டையில் முள்.

இப்போது சொன்னால், ஊரே நேர்மைக்கு உதாரணம் காட்டுகிற இத்ரீஸின் பேர் மகள் முன்னாலேயே கெட்டுவிடும். சொல்லாவிட்டால், அடுத்த வெள்ளத்தில் பிள்ளைகளோடு அவள் வீட்டுக்குள் தண்ணீர் நிற்கும். பேரா, உயிரா? தர்மராஜ் திட்டில் ஏறினார்.

"இன்னா மாமா, இப்டி மூச்சு வாங்குது? குந்துங்க, டீ சொல்றேன்."

"டீ கெடக்கட்டும். நூல அவுக்கச் சொல்லும்மா. அந்தக் கோட்ட நம்பாத. தண்ணி அதுக்கு மேல மூணு அடி நின்னுச்சு. நான்தான் கயித்தோட வரல. சகுந்தலாவப் பாக்கப் போய்ட்டேன். ஒங்க அத்தா ராத்திரி பூரா எனக்காக நனைஞ்சுகினு கெடந்தாரு. தப்பு என்னுது. அவர ஒண்ணும் தப்பா நெனைக்காத."

ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்கப் பயந்து நூலைப் பார்த்துக்கொண்டு நின்றார். கொத்தனார் கையில் கரண்டியோடு இவரையே பார்த்தார்.

"அந்த நூலு பேஸ்மட்டம் ஆரம்பிக்கிற எடம் மாமா," என்றாள் ஷாஹிதா மெதுவாக. "அதுக்கு மேல அஞ்சடி ஏத்திதான் தரையே போடப் போறோம். கோடு மூணடி கம்மின்னு அத்தா மவுத்தாகறதுக்கு முன்னாடியே சொல்லிட்டாரு."

தர்மராஜ் செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்தார். "என்னப் பத்தி இன்னா சொன்னாரு?"

"நீங்க சாயங்காலமே கயித்தோட வந்து மழையில நின்னுகினு இருந்தீங்களாம். அவருதான் வூட்ல படுத்துத் தூங்கிட்டாராம்."

"பொய்யும்மா அது," என்றார். அறுபதைத் தாண்டிய மனிதர், கொத்தனார் பார்க்கிறார் என்றுகூட இல்லாமல், துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார்.

ஷாஹிதா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"பொய்யின்னு அப்பவே தெரியும் மாமா. மழை பேஞ்சா அத்தா வூட்ல தங்கவே மாட்டாரு. எதுக்காக சொன்னாருன்னுதான் இத்தினி நாளா தெரியாம இருந்துச்சு."